கேத்திலில் ஒரு பொட்டு

எக்கார்ட் லோமான் பெரிய மனுசர்தான். ஜெர்மனியில் அவர் வடிவமைத்த ரேடியோ, மேசை விளக்கு, தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்சாரக் கேத்தில் எல்லாவற்றையும் பார்த்து உலகமே பிரதி பண்ணியதாம். என் குசினியில் நிற்கும் மலிவுக் கேத்தில்கூட அந்தச் சாயல்தான். அதெல்லாம் சரி. தன்னுடைய கேத்திலை அவராலேயே கொதிக்கவைக்க முடியவில்லை.

முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பது என் வேலை. சட்டன் என்ற ஆங்கிலேய ஊரில் தனியாக இருந்த அவரை இரண்டு வருடம் பார்த்தேன். மறதி நோய். அந்தக் கேத்திலில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் பொத்தான்கள்: ஒன்று மூடி திறக்க, மற்றது கொதிக்கவைக்க. ஓர் எழுத்தும் கிடையாது. ஒரு பொருளில் எழுதி ஒட்டவேண்டி வந்தால் அது வடிவமைத்தவனின் தோல்வி என்று நாற்பது வருடம் படிப்பித்தவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் கொதிக்கிற பொத்தானில் ஒட்டினேன். முகத்தைச் சுளித்தார். ஆனால் அன்றைக்கே தானாகத் தேநீர் போட்டார், எனக்கும் சேர்த்து.

பிறகு நகரக் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. ஒருவர் வந்து பார்ப்பாராம். தேநீர் போடுவது போன்ற வேலைகளைத் தனியாகச் செய்து காட்டினால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் முதியோர் இல்லம். சோதனை என்றால் பயந்துவிடுவார் என்று, அவருடைய கைவண்ணத்தைப் பார்க்க விருந்தாளி வருவதாகச் சொல்லிவைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

அன்று சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்கக் கூடாது என்று வந்த பெண் முதலே சொல்லிவிட்டாள். அவர் கேத்திலை நிரப்பினார். எட்டிப் பார்த்தேன். பொட்டைக் காணவில்லை. பசைகூட இல்லாமல் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

மூடிப் பொத்தானை அழுத்தினார். மூடி திறந்தது. மூடிவிட்டுக் காத்து நின்றார். கடைசியில் பச்சைத் தண்ணீரைத் தேயிலைப் பையின்மேல் ஊற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்து என் கணவர் சண்முகராசாவிடம் சொன்னேன். "சோதினை எண்டு உண்மையைச் சொல்லியிருந்தா அந்த மனுசன் பொட்டைத் தொட்டிருக்காது. நான்தானப்பா அவரை இல்லத்துக்கு அனுப்பினனான்."

நல்லதுக்குத்தானே சொன்னாய் என்றார் அவர். எனக்கு மனம் ஆறவில்லை.

இல்லத்துக்குப் போகிற அன்று, காரில் ஏறுமுன் லோமான் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். அதில் என் பொட்டு பத்திரமாக ஒட்டியிருந்தது.

"விருந்தாளி வந்தபடியால் கழற்றினேன். இனித் திரும்ப ஒட்டிவிடுங்கள்."

சரி என்று தலையாட்டினேன். அங்கே கேத்தில் வைத்திருக்க விடமாட்டார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.