தெர்மாகோல் தலைக்கும் லீவு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அந்தக் கோபமும் அக்காவிடம் இரவல் வாங்கியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்டு மானம் போக வேண்டாம்.

திங்கட்கிழமை காலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்து நின்றாள். என் அக்கா ஒரு நாடகக் குழுவில் லைட் போடுகிறவள். எந்த விளக்கு, எந்தக் காட்சியில், யார் முகத்தில், எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் அவள் கையில். முப்பது வருடமாக ஒழுகுகிற கொட்டகைகளில் நனைந்த ஒயரோடு மல்லுக்கட்டியவள். அடுத்த மாதம் குழு முதன்முதலாக ஒரு பெரிய அரங்கத்தில் புது நாடகம் போடுகிறது. அந்த அரங்கத்துக்காகவே அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்.

"என்னைத் தூக்கிட்டாங்கடி," என்றாள்.

"ஐயோ, என்ன தப்பு நடந்துச்சு?"

"ஒரு தப்பும் நடக்கல. கண்ணப் பாத்துத் தூக்கிட்டாங்க. முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு, 'உங்க கண்ணுக்குக் கீழ பாத்தாலே தெரியுதும்மா, ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. இந்தத் தடவை ரெஸ்ட் எடுங்க, நம்ம மாப்பிள்ளை பாத்துக்குவார்'ங்கறார். களைப்பா? எனக்கா? நேத்து ஏணி மேல ஏறி லைட் மாட்டினது நான். அவர் மாப்பிள்ளை கீழ நின்னு ஏணியப் பிடிச்சிட்டிருந்தார்!"

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மாப்பிள்ளை போடும் லைட்டைப் பார்த்துவிட்டு முதலாளி முடிவாகச் சொல்வாராம். ஆக, அரங்கம் அக்காவுக்கா மாப்பிள்ளைக்கா என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

"நீ கதை எழுதறவதானே? எழுது. அவர் நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி எழுது."

எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

*அவள் கண்களுக்குக் கீழே வாழ்க்கையின் துயரங்கள் இரண்டு கரிய பிறைகளாக—*

"எந்தத் துயரம்?" தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள் அக்கா. "எனக்கு என்ன துயரம் இருக்கு? கதைக்குத் துயரம் வேணும்னா உன்னுதப் போட்டுக்கோ."

இரண்டாவது தொடக்கம்:

*தூக்கம் தொலைத்த இரவுகள் அவள் முகத்தில்—*

"நான் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். என் குறட்டைக்குப் பயந்து நீ பக்கத்து ரூமுக்கு ஓடல?"

ஓடினேன். வாக்கியத்தை அடித்தேன்.

மூன்றாவது:

*நிலைக்கண்ணாடி முன் நின்ற அந்தப் பெண்—*

இதை அக்கா சொல்வதற்கு முன்பே நானே நிறுத்திவிட்டேன். கதைகளில் வயதாகிற பெண்ணை ஒருவர் விடாமல் கண்ணாடி முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அவளுக்கு வேறு வேலை வெட்டி இல்லையா?

(எழுதுகிறவர்களுக்குக் கருவளையம் ரொம்ப வசதி. ஒரு பாத்திரம் கஷ்டப்படுகிறது என்று சொல்லச் சோம்பலாக இருந்தால் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பைத் தடவிவிடலாம், வாசகர் புரிந்துகொள்வார். முதலாளியும் அதே பாடத்தில் படித்தவர்தான் போலிருக்கிறது.)

3

கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் நாலாம் பகுதிக்குத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கண்ணுக்குக் கீழே விழுகிற இந்தப் பள்ளம் எங்கள் அப்பா வழிச் சொத்து. மற்றதெல்லாம் போன இடம் தெரியவில்லை. இது மட்டும் சண்டை சச்சரவு இல்லாமல் சமமாகப் பிரிந்தது. இரண்டு பள்ளம் அவளுக்கு, இரண்டு பள்ளம் எனக்கு. சின்ன வயதில் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டியதும் மெல்லத் தலைகாட்டியது. கண்ணுக்குக் கீழே இருக்கிற சதை வற்றுகிறது, தோல் மெலிகிறது, உள்ளே எலும்புகூடக் கொஞ்சம் பின்வாங்குகிறதாம். அப்புறம் பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

நாங்களும் சும்மா இருக்கவில்லை. வெள்ளரிக்காய் வட்டம், உருளைக்கிழங்குத் துருவல், குளிர வைத்த கரண்டி, ஈரமான தேயிலைப் பை. எங்கள் இரண்டு முகத்தில் போட்ட காய்கறியை வைத்து ஒரு குடும்பம் ஒரு வாரம் சமைத்திருக்கலாம். அக்காவின் குளியலறை அலமாரியில் க்ரீம் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்ன டப்பா, பெரிய வாக்குறுதி.

ஒருமுறை தோல் மருத்துவரிடமும் போனோம். ஊசி போட்டுப் பள்ளத்தை நிரப்பலாம் என்றார்.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர் நிக்கும்?"

"ஒரு வருஷம் போல."

"அப்புறம்?"

"மறுபடி நிரப்பிக்கலாம்."

"இது முகமா, ரோடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

(நிரப்பிக்கொள்கிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரவர் முகம், அவரவர் இஷ்டம்.)

பள்ளம்கூடப் பெரிய தொல்லை இல்லை. அதைப் பார்க்கிறவர்கள்தான் தொல்லை. "உடம்பு சரியில்லையா?" "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" "தூங்கறதே இல்லையா?" நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டு, சந்தோஷமாகத் தெருவில் இறங்கினால் நாலு பேர் நலம் விசாரித்தே நம்மை நோயாளி ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. பார்த்தீர்களா, இரவல் கோபம் சொந்தமாகிவிட்டது.

4

மாப்பிள்ளை பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். கதைக்கு வில்லன் வேண்டுமே என்று, மெல்லிய மீசையும் கள்ளச் சிரிப்புமாக அவரை எழுதியிருந்தேன்.

*"கிழவிக்கு எதுக்கு மாமா அரங்கம்?" என்று மாப்பிள்ளை ஏளனமாக—*

"அடி பாவி!" என்றாள் அக்கா. "அந்தப் பையன் அப்படியெல்லாம் பேச மாட்டான். நான் ஏணி இறங்கற வரைக்கும் பிடிச்ச கையை எடுக்க மாட்டான். தண்ணி கொண்டு வந்து குடுப்பான். லைட் மட்டும்தான் வராது."

"அப்ப யாருதான் வில்லன்?"

"அத நீதான் கண்டுபிடிக்கணும். எழுதறவ நீயா, நானா?"

மாப்பிள்ளையின் மீசையை எடுத்துவிட்டேன். வில்லனில்லாத கதை உப்பில்லாப் பண்டம்தான். ஆனால் பொய் உப்பைப் போட்டு எத்தனை நாளைக்கு ஒப்பேற்றுவது?

5

வில்லன் புதன்கிழமை மதியம் அகப்பட்டான். அக்கா ஃபோனில் கத்தினாள்.

"டீ! அதுக்கும் என் கண்ணு!"

"எதுக்கு?"

"தலைக்கு! தெர்மாகோல் தலைக்கு!"

நாடகக் குழுக்களில் சவுரி முடியை மாட்டி வைக்க வெள்ளைத் தெர்மாகோலில் செய்த தலைகள் இருக்கும். மூக்கு, வாய், கண் இருக்க வேண்டிய இடத்தில் லேசான குழி, அவ்வளவுதான். ஒத்திகைக் கொட்டகையில் மாப்பிள்ளை போட்டு வைத்திருக்கிற லைட் எப்படி விழுகிறது என்று பார்க்க அக்கா போயிருக்கிறாள். நடிகர்கள் யாரும் வரவில்லை. ஒரு தலையை எடுத்து முக்காலி மேல் வைத்து, விளக்கைப் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை எல்லா விளக்கையும் நேர் உச்சியில் மாட்டியிருந்தார். அதுதான் இப்போதைய பாணியாம்.

"பாக்கறேன், கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் கன்னங்கரேல்னு வளையம். அந்தத் தலைக்கு என்ன வயசாச்சு? புருஷனா, புள்ளையா, ராத்திரித் தூக்கம் போச்சா? போன மாசம் வாங்கினதுடி அது!"

நான் சிரித்த சிரிப்பில் ஃபோன் கீழே விழுந்துவிட்டது. எடுத்துக் காதில் வைத்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"முப்பது வருஷமா ஊரார் முகத்துக்கெல்லாம் லைட் போட்டேன். எந்த நடிகையையும் நேர் உச்சி லைட்ல நிக்க விட்டதில்ல. என் முகத்த மட்டும் ஒரு நாளும் லைட்காரியாப் பாக்கல. எங்க வீட்டுக் குளியலறை பல்பு எங்க இருக்கு சொல்லு?"

கண்ணாடிக்கு மேலே. நேர் உச்சியில்.

"முதலாளி ரூம்ல விளக்கு?"

எதிரில் உட்காருகிறவரின் தலைக்கு நேர் மேலே.

"நிழலுக்குப் போய் க்ரீம் தடவிட்டிருந்திருக்கேன், பைத்தியக்காரி! இப்ப ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு பாத்தேன். பாதி காணோம்."

"மிச்சப் பாதி?"

"அது இருக்கு. அது வயசு. அது என்னுது, இருந்துட்டுப் போகட்டும்."

6

வெள்ளிக்கிழமைக்கு முன்பே மூன்று முடிவுகள் எழுதி வைத்தேன். ஒன்று: அக்கா ஊசி போட்டுக்கொண்டு இருபது வயதுக் கண்களோடு ஒத்திகைக்குப் போகிறாள், முதலாளி வாயடைத்துப் போகிறார். "அப்ப அவர் சொன்னது சரின்னு ஆயிடாதா?" என்றாள். இரண்டு: அரங்கம் போய்விடுகிறது, அக்கா அழுது தீர்த்துத் தன் வயதை ஏற்றுக்கொள்கிறாள். "அழ எனக்கு நேரமில்ல. ஒயர் சுத்தணும்." மூன்றாவது முடிவை அவளிடம் காட்டவே இல்லை. அதில் முதலாளி படியில் தடுக்கி விழுகிறார்.

அக்கா எழுந்து, கொட்டகையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த தெர்மாகோல் தலையைப் பையில் போட்டுக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை நீயும் வா. கடைசி நாற்காலில உக்காந்து பாரு. அப்புறம் எழுது."

7

உட்கார்ந்து பார்த்தேன். ஆகவே இந்தப் பகுதியில் கற்பனை கிடையாது. (கதைக்குள் கற்பனை கிடையாது என்று சொன்னால் எவ்வளவு நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.)

புது மணப்பெண் சந்தோஷத்தில் ஆடிக்கொண்டே வரும் காட்சி. நடிகைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். உச்சி விளக்குகள் எரிந்தன. பெண் நடு மேடைக்கு வந்து சிரித்தாள். முதலாளி பதறிப்போய் எழுந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? தூங்கலையா?"

"நல்லாத்தான் சார் இருக்கேன்!"

"கண்ணுக்குக் கீழ எல்லாம் என்னவோ..."

அந்த 'என்னவோ' முடிவதற்குள் அக்கா மேடை ஏறிவிட்டாள். முக்காலியைப் போட்டாள். பையிலிருந்து தலையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"சார், இதுவும் ரொம்பக் களைச்சுப் போச்சு. இதுக்கும் லீவு குடுத்துடுங்க."

மேடை ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் சிவந்தது.

"அப்ப எல்லாம் லைட் மேலதான் தப்புங்கறீங்களா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"கூடம் கோணல்தான் சார். சந்தேகம்னா இங்க வந்து நில்லுங்க."

வந்தார். வராமல் இருந்திருக்கலாம், ஆனால் அத்தனை பேர் எதிரில் எப்படி வராமல் இருப்பது? விளக்குக்கு அடியில் நிமிர்ந்து நின்றார். மாப்பிள்ளையைப் படம் எடுக்கச் சொன்னாள் அக்கா. எடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். முதலாளி ஃபோனைத் தூரமாகப் பிடித்தார், கிட்டமாகப் பிடித்தார்.

"யார் இது?"

"நீங்கதான் மாமா," என்றார் மாப்பிள்ளை, பாவம், மரியாதையாக.

அக்கா குரலை இறக்கி, திங்கட்கிழமை கேட்ட அதே அக்கறையோடு சொன்னாள். "உங்க கண்ணுக்குக் கீழ பாத்தாலே தெரியுது சார். இந்தத் தடவை நீங்க ரெஸ்ட் எடுங்க."

கொட்டகை அதிர்ந்தது. மணப்பெண் வேஷம் போட்ட பெண் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கடைசி நாற்காலியில் நான் விசில் அடித்தேன். அடிக்கத் தெரியாது, காற்றுதான் வந்தது, இருந்தாலும் அடித்தேன்.

அக்கா மேடையை விட்டு இறங்கி லைட் போர்டுக்குப் போனாள். உச்சி விளக்குகளை இறக்கினாள். முன்னாலும் பக்கவாட்டிலும் தாழ்வாக இருந்த விளக்குகளை மெல்ல ஏற்றினாள். மணப்பெண்ணுக்கு மணப்பெண் முகம் திரும்பி வந்தது. முதலாளிக்குப் பத்து வயது குறைந்தது. தெர்மாகோல் தலைகூட நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

முதலாளி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"எனக்கு ஏணியப் பிடிக்கற வேலையே போதும் மாமா."

"அப்ப அரங்கம் உங்களுதும்மா," என்றார் அக்காவைப் பார்த்து. அப்புறம் சங்கடமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடைசில எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடும்போது உங்களையும் கூப்பிடறேன். நீங்களும் வந்து வெளிச்சத்துல நிக்கணும்" என்றார்.

முப்பது வருடத்தில் அவளை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. அக்கா ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். அவளுக்கு அழுகை வந்தால் ஒயர்தான் சுற்றுவாள்.

8

இப்போது நான் பெரிய அரங்கத்தின் பின்பக்கத்தில், லைட் போர்டுக்கு முன்னால் இருக்கிறேன். நாடகம் முடிந்துவிட்டது. அக்கா மேடைக்குப் போனால் அவளுக்கு லைட் போட ஆள் வேண்டுமே, என்னைப் பிடித்து இங்கே உட்கார வைத்துவிட்டாள்.

"ரெண்டே பிடி. இடது பக்கம் இருக்கறது முன் லைட். தள்ளினா இதமா விழும், பள்ளம் பாதி மறைஞ்சுடும். வலது பக்கம் இருக்கறது நேர் உச்சி. தள்ளினா அப்பா குடுத்தது அத்தனையும் தெரியும்."

"எதத் தள்ளட்டும்?"

"எனக்கு ரெண்டும் சம்மதம்டி. உனக்குத்தான் முடிவு எழுத வருமே."

எனக்கு எங்கே வருகிறது? எழுதிய மூன்றும் குப்பைக்குப் போனதை நீங்களே பார்த்தீர்கள். அழகாக நிற்கட்டும் என்று ஒரு கை இடது பக்கம் போகிறது. அவள் கண்ணை அரங்கமே பார்க்கட்டும் என்று இன்னொரு கை வலது பக்கம் போகிறது. இரண்டு கையும் பாதியிலேயே நிற்கின்றன, ஏனென்றால் அதே பள்ளம் என் முகத்திலும் இருக்கிறது. ஒருவேளை உங்கள் முகத்திலும் இருக்கலாம்.

முதலாளி அவளைக் கூப்பிட்டுவிட்டார். கைதட்டல் ஆரம்பித்துவிட்டது, எந்தப் பிடியைத் தள்ளினாலும் அது நிற்கப்போவதில்லை. இருட்டில் அவள் செருப்புச் சத்தம் நடு மேடையை நோக்கிப் போகிறது.

என் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் உட்காருங்கள். இடதா வலதா, உங்கள் இஷ்டம். ஆனால் சீக்கிரம் தள்ளுங்கள். அக்காவை இருட்டில் நிற்க வைக்காதீர்கள்.