ஊதிக் காயவைத்த ஸ்லைடு

டான்சில் எடுக்கவேண்டிய ஆறு வயதுச் சிறுமியின் ரத்தம் அது. பத்து மணிக்கு ஆபரேஷன். ஒன்பது இருபதுக்கு ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் எல்லாம் சரி என்றது, ஹீமோகுளோபின் மட்டும் கொஞ்சம் குறைவு. கையெழுத்துப் போடும் முன் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

சிவப்பணு என்றால் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிய வட்டு. அந்த வடிவம்தான் அதன் பிழைப்பு. தன்னைவிட ஒடுங்கிய ரத்தக்குழாயிலும் மடங்கி நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்ந்துவிடும். இங்கே நாலைந்து செல்கள் அரிவாள் போல வளைந்து கூராகக் கிடந்தன.

"சார், இதப் பாருங்க."

எங்கள் லேப் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயரே மெஷின்தான். எண்ணும் மெஷின் சொன்னதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. குனிந்து ஒரு கண்ணை வைத்தார்.

"வாயால ஊதிக் காயவச்சியா?"

ஊதித்தான் வைத்தேன். காலையில் நாற்பது சாம்பிள். ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்ததும் ஊதிவிடுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். மூச்சின் ஈரத்தில் மெதுவாகக் காய்ந்தால் நல்ல செல்லும் கோணிக்கொள்ளும்.

"படிச்சுக் கிழிச்ச லட்சணம்! குடும்பத்துலயே மொத டிகிரின்னு மூச்சு விடாம பேசுவியே. கையெழுத்தப் போடு."

"போடமாட்டேன்."

"அப்ப நான் போடறேன். நீ போய் டியூப் கழுவு."

போட்டார். ரிப்போர்ட் மாடியிலிருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டது.

காயும்போது கோணிய செல்கள் என்றால் கூர்முனைகள் ஒரே பக்கம் பார்க்கும். அரிவாள் செல் நோயால் வளைந்தவை திசைக்கொன்றாகக் கிடக்கும். நாலைந்தை வைத்து நான் சத்தியம் செய்யமுடியாது. ஊசியும் ஸ்லைடும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தியேட்டர் வாசலில் குழந்தை ட்ராலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியுமா? காலையிலதானே எடுத்தீங்க!" என்றாள் அவள் அம்மா.

"தப்பு என்னோடதும்மா. ஒரே சொட்டு."

நர்ஸ் குறுக்கே வந்தாள். "யாரக் கேட்டு வந்தே? டாக்டர் ஆபரேஷனுக்குக் கை கழுவிட்டாரு."

"கழுவட்டும் சிஸ்டர். கைக்கு நல்லதுதானே."

விரலைக் குத்தினேன். குழந்தை முறைத்தாள். "ஒரு சொட்டுன்னே. இது ரெண்டு."

இந்த முறை ஊதவில்லை. ஸ்லைடைக் காற்றில் விசிறிக்கொண்டே படியிறங்கினேன்.

சாயம் பிடிக்க ஐந்து நிமிடம். அதில் அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு செல் கோணினால் யாருக்கும் தெரியாது. ஆனால் செல்லும் செல்லும் சேர்ந்துதான் தசை, நரம்பு, இதயம். எல்லாம் சேர்ந்துதான் மாடியில் காலாட்டிய பிள்ளை. மயக்கத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தால் போதும், மற்ற செல்களும் வளையும், ஒன்றோடொன்று சிக்கும், குழாய் அடைக்கும். மூளைக்குப் போகிற குழாய் என்றால் கதை முடிந்தது. எண்ணிக்கை சரியாக இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஒன்பது ஐம்பத்துமூன்று. பார்த்தேன். அரிவாள்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, குறுக்கே இரண்டு. எண்ணி மாளவில்லை.

தியேட்டர் போனை யாரும் எடுக்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் வயரைப் பிடுங்கி அதையே இரண்டு கையாலும் தூக்கினேன்.

"ஏய், பைத்தியமா உனக்கு!" என்று மெஷின் பின்னால் கத்தினார்.

ட்ராலி உள்ளே போயிருந்தது. கதவைக் காலால் தள்ளினேன். மயக்க மருந்து டாக்டரம்மாவின் கையில் சிரிஞ்ச்.

"மேடம், போட்டுடாதீங்க! இதப் பார்த்துட்டுப் போடுங்க."

வெளியே வந்தார்; வாசல் மேசையில் நான் வயரைச் செருகியதும் குனிந்து பார்த்தார். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டை எடுத்தார். "இதுல யார் கையெழுத்து?"

"என்னுது இல்ல மேடம்."

"இன்னைக்கு மயக்கம் கிடையாது. பிள்ளைய வெளிய கொண்டுவாங்க."

அம்மா என் கையைப் பிடித்தாள். "என்னம்மா ஆச்சு?"

"பாப்பாவோட ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கும்மா. அப்பப்ப குழாயில அடைச்சுக்கும். அப்பல்லாம் கை கால் உயிர் போறமாதிரி வலிக்கும்."

அவள் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். "கால் வலின்னு அழுவா. ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிப்புன்னு... போன வாரம்கூட அடிச்சேனே."

குழந்தை யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நான்தான் சொன்னேனே."