புரானி ரஞ்சிஷ்

இடது கையில் மாவுக்கட்டோடு செங்கம்மாள் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்வதை இந்தியில் சொல்ல உமாமகேஸ்வரி கூட வந்திருந்தாள்.

துவாரகாவில் உமா குடியிருக்கும் அடுக்ககத்தில் வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. முட்டி வலி தாங்காமல் அன்று காலை செங்கம்மாள் ஏறிவிட்டாள். மூன்றாம் மாடிக்காரர் அவளை வெளியே இழுத்துத் தள்ளினார். படியில் உருண்டதில் கை ஒடிந்தது. உமா அதைக் கண்ணால் பார்த்தாள்.

ஹெட் கான்ஸ்டபிள் எழுதி முடித்து மைப்பெட்டியை நகர்த்தினார். "கைநாட்டு வைக்கச் சொல்லு மகளே. ஜல்தி."

உமா படித்தாள். 'புரானி ரஞ்சிஷ் காரணமாக இருவருக்கும் கைகலப்பு.'

"என்னா எழுதிருக்கான் பாப்பா?"

"உங்களுக்கும் அவருக்கும் பழைய பகையாம் அக்கா. அதுல ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களாம்."

"பகையா? அவன் பேருகூட எனக்குத் தெரியாது. இத்தினி வருசமா அவன் வாசல்ல குப்பை எடுக்கறேன், ஒரு நாள் என் மூஞ்சப் பாத்ததில்ல. அவன் எனக்குப் பகையாளியா? அதுக்கும் ஒரு மதிப்பு வேணாம்?"

உமா இதைத் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னாள். கான்ஸ்டபிள் சிரித்தார்.

"அரே, எந்த அடிதடிக்கும் இப்படித்தான் எழுதுவோம். பாரசீக வார்த்தை. 'ரஞ்ச்'னா மனவருத்தம். அது ஆறாம உள்ளேயே கிடந்து பகையாகிறதுதான் ரஞ்சிஷ். எனக்கு முன்னாடி இருந்தவரும் இதைத்தான் எழுதினார். நாளைக்கு ரெண்டு பேரும் சமாதானமாப் போயிடலாம்."

சமாதானம். பகை இருவருக்கும் என்றால் குற்றமும் இருவருக்கும். உமாவின் காது மடல் சுட்டது.

"யாருக்கு வருத்தம்? இவங்க அவரை என்ன பண்ணாங்க? இவங்களுக்கு வருத்தமே கை ஒடிஞ்ச பிறகுதான் வந்தது. இன்னிக்குக் காலைல வந்ததை எப்படிப் பழசுன்னு எழுதுவீங்க?"

அடுத்த மேசைக்காரர்கள் திரும்பினார்கள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று உமாவுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"வேற தாள் எடுங்க. தள்ளினார், கை ஒடிஞ்சது. அவ்வளவுதான். பார்த்தது நான். என் பேரையும் போடுங்க."

"உன் பக்கத்து வீட்டுக்காரர், மகளே. தினமும் மூஞ்சில முழிக்கணும்."

"முழிச்சுக்கறேன்."

கான்ஸ்டபிள் முணுமுணுத்துக்கொண்டே புதுத் தாளை எடுத்தார். செங்கம்மாள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"எழுதட்டும். அப்புறம் வரி வரியா எனக்குத் தமிழ்ல சொல்லு பாப்பா. ஒரு வரி பொய்யா இருந்தாலும் வைக்க மாட்டேன்."