சின்னத் தாள்

வகுப்பிலேயே கணக்கில் முதல் மார்க் என் மகள்தான். அவளைத்தான் பொதுத்தேர்வில் சின்னத் தாள் எழுதச் சொல்லிவிட்டார்கள். கணக்குக்கு இரண்டு விதமான தாள், ஒரு பிள்ளை ஏதாவது ஒன்றைத்தான் எழுதலாம். பெரிய தாள் எழுதினால்தான் அவள் ஆசைப்படும் மருந்தியல் படிப்புக்குப் போக முடியும். சின்னத் தாளை ஒரு தப்பில்லாமல் எழுதினாலும் வெறும் பாஸ்தான். எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு எப்போதும் சின்னத் தாள்தான். நாங்கள் இங்கே குடியேறி மூன்று தலைமுறை ஆகிறது. ஊர்க்காரர்களுக்கு இன்னமும் நாங்கள் 'வந்தவங்க'.

அன்று ராத்திரி மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கடைக்கு லீவு விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்று இருந்தேன். அதற்குள், மறுநாளே, பிடிக்கவேண்டிய ஆள் என் பார்லருக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

மாதாமாதம் டை அடிக்க வரும் டீச்சரம்மா. எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்டதில்லை. வகிடெல்லாம் வெளுத்துக் கிடந்தது. முடியைப் பிரித்துப் பிரித்து பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தேன். பரீட்சை நேரம், உயிர் போகிறது என்று ஆரம்பித்தார்.

"இந்த வந்தவங்க பிள்ளைங்களுக்கு நான் மார்க்கைக்கூடப் பாக்குறதில்ல. பேரைப் பாத்ததும் சின்னத் தாள்னு போட்டுடுவேன். எனக்கும் தலைவலி இல்ல, ஸ்கூலுக்கும் பேர் கெடாது. நேத்து ஒரு வாயாடி வந்து, 'நான்தானே மிஸ் ஃபர்ஸ்ட்டு, எனக்கு ஏன் சின்னத் தாள்?'னு கேக்குது. உங்க ஆளுங்களுக்கு அதுவே ஜாஸ்திம்மான்னு அனுப்பிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். இஸ்திரி கலையாத உடுப்பு, கமகமவென்று சென்ட், வாயைத் திறந்தால் சாக்கடை.

"அந்த வாயாடி என் பொண்ணுதான் டீச்சர்."

அவர் முகம் செத்துப்போனது. கொஞ்ச நேரம்தான். உடனே உயிர் வந்துவிட்டது.

"ஐயையோ, நீங்களா? பாத்தா தெரியவே இல்லையே! உங்களைச் சொல்லலம்மா, நீங்க வேற மாதிரி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாளைக்கு முதல் வேலையா பெரிய தாளுக்கு மாத்திடுறேன்."

இவ்வளவுதானா? மகள் ராப்பகலாக விழுந்து விழுந்து படித்து வாங்கிய மார்க் எதற்கும் உதவவில்லை. அவள் அம்மா இவருக்கு டை அடிக்கிறாள் என்றதும் காரியம் முடிந்துவிட்டது. த்தூ என்று அங்கேயே துப்பலாம் போல இருந்தது.

"மத்த பிள்ளைங்க டீச்சர்? அவங்கள்லயும் நல்லாப் படிக்கிறவங்க இருக்காங்களே?"

"அவங்க அம்மாவெல்லாமா எனக்கு டை அடிக்கிறாங்க?" என்று கண்ணடித்தார்.

நறுக்கென்று நாலு வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் மாற்றுகிறேன் என்ற வாய், மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முழுங்கிக்கொண்டேன். டையை அலச வாஷ்பேசினில் தலையைச் சாய்க்கச் சொல்லிக் குழாயைத் திறந்தேன்.

"சூடு போதுமா டீச்சர்?"

என் குரலில் இருந்த பணிவைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. கறுப்புத் தண்ணீர் அவர் கண்ணில் இறங்கிவிடாமல் நெற்றியில் கையை அணைபோல வைத்துக்கொண்டேன்.