விழுந்தது எந்தக் காசு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை என் மைத்துனன் ரெனானுக்குக் கல்யாணம். அதற்குள் நான் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதற்காக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "கப்பலில் எண்ணெய் போடும் வேலை பார்த்த ஒருவர் உலகத்தையே ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து வைத்திருந்தார்."

அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். துறைமுகங்களில் செலவாகாமல் என் மாமனாரின் சட்டைப்பையில் தங்கிய சில்லறைதான் டின்னில் இருந்தது. டென்மார்க், பிரேசில், ஜப்பான். அவர் இறந்ததும் டின் அவர் மகளும் என் மனைவியுமான ஆர்லினுக்கு வந்தது. போன மழைக்காலத்தில் ஆர்லின் காய்ச்சலில் போனாள். டின் எனக்கு வந்தது.

இந்த நான்கு வரியை எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

[எனக்குப் பெயர் வைக்கவில்லை. மாமியாருக்கு நான் தோத்தோ, மைத்துனனுக்கு நோங். சின்னவன், மூத்தவன். மாமியார் எனக்கு நானாய், அதாவது அம்மா. அது போதும்.]

2

எங்கள் தீவுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பதின்மூன்று காசுகளைப் பெண்ணின் குவிந்த கைகளில் கொட்டுவான். இனி என் உழைப்பெல்லாம் உனக்கு என்று பொருள். எங்களுக்கு மாமனார்தான் டின்னிலிருந்து பதின்மூன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் ஹாரோ தேவாலயத்தில் நான் கொட்டியபோது ஒன்று கீழே விழுந்தது.

காசு விழுந்தால் அந்த வாழ்க்கை நிலைக்காது என்பார்கள்.

ஆர்லின் குனிந்து எடுத்தாள். வீடியோக்காரரிடம் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். சிரித்தாள்.

முதல் வரைவில், விழுந்தது நடுவில் ஓட்டை உள்ள டென்மார்க் காசு என்று எழுதினேன். கதைக்கு ஓட்டை பொருத்தம். உண்மையில் எனக்குத் தெரியாது. நான் அப்போது பாதிரியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திட்டுவாரோ என்று.

3

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார்.

"தோத்தோ, ரெனான் கல்யாணத்துக்கும் அதே காசுங்களக் குடு. அவங்கப்பா கையால பொறுக்கினது."

"சரி, நானாய்."

"விழுந்தத மட்டும் எடுத்துடு. அதுக்குப் பதிலா டின்னுலேர்ந்து வேற ஒண்ணப் போடு."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. காய்ந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எதை எடுக்க அவள் குனிந்தாள் என்றுகூடப் பார்க்காதவன் என்று அவள் அம்மாவிடம் எப்படி…

4

வீடியோவில் இருக்கிறது. பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பார்த்தால் அவள் பேசுவாள்.

அதனால் வேறு வழி செய்தேன். விழுந்த சத்தம் ஞாபகம் இருந்தது, கோப்பையில் ஸ்பூன் படுவது போல மெலிதாக. ஒவ்வொரு காசாகச் சமையலறைத் தரையில் போட்டுக் கேட்டேன். கல்லூரியில் படித்தவன் செய்கிற வேலையா இது. கடைசிக் காசு உருண்டு பின்வாசலில் நின்ற செருப்பில் முட்டியது. ரெனான்.

"என்ன நோங், காசுங்களக் கூப்ட்டு விசாரணையா?"

"எது விழுந்ததுன்னு பாக்குறேன்."

"நல்லா பாத்தீங்க. இப்ப எல்லாமே விழுந்தாச்சு."

அதை நான் யோசிக்கவே இல்லை.

அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். "அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. டின்னோட கடல்ல வீசிரும்." பிறகு, "வீடியோவுல தெரியுமே?"

"அழிஞ்சுபோச்சு."

அழியவில்லை.

"எனக்கு அந்த விழுந்த காசும் வேணும் நோங். அக்கா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. ஆனா ஜெஸ்ஸா கையில கொட்டப்போறேன். நீங்க பயமில்லன்னு சொன்னா போதும்."

"பயமெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்குத் தரையில போட்டுப் பாத்தீங்க?"

பதிலுக்கு இரண்டு பத்தி எழுதினேன். இரண்டையும் எடுத்துவிட்டேன்.

5

முடிவு அ: பதின்மூன்றையும் பேசாமல் கொடுத்துவிடுகிறேன். இனி மழை பிடிக்கும்போதெல்லாம் ஜெஸ்ஸாவுக்கு உடம்பு சுடுகிறதா என்று போன் போட்டுக் கேட்பேன்.

முடிவு ஆ: ஓட்டைக் காசை எடுத்து வைத்து, இதுதான் என்கிறேன். மாமியார் நம்புவார். குற்றம் சொல்ல அவருக்கு ஒரு காசாவது கிடைக்கும். இப்போது அதற்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்.

முடிவு இ: வீடியோவைப் பார்க்கிறேன்.

இ-யை எழுதிப் பார்த்தேன். "அவள் காசைத் தூக்கிக் காட்டி" என்பது வரை வந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் இட்டுக்கட்ட வேண்டும். இந்தக் கதையில் மற்ற எதையும் இட்டுக்கட்டுவேன். அதை மாட்டேன்.

ஆகவே, இதை வாசிக்கிற நீங்கள் கைகளைக் குவியுங்கள். இன்னும் நெருக்கமாக, விரலிடுக்கில்லாமல். கொட்டுகிறேன். ஒன்று விழுந்தால் குனிந்து எடுங்கள். தூக்கிக் காட்டுங்கள்.

இந்த முறை நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.