யாருக்கு என்று கேட்டார் வெண்டல்

"விசையில விரல வைக்காத" என்று ஒலீட்டா மறுபடியும் சொன்னாள். "வெளிய நீட்டி வை. சுடுறதுன்னு முடிவு பண்ணின பிறகுதான் விரல் உள்ள போகணும்."

நேடீன் கைத்துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, பச்சை மீனைத் தொட்டவள்போல உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் எதையும் முடிவு பண்ணப் போறதில்ல" என்றாள்.

கடைக்காரர் வெண்டல் அந்தத் துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்தார். தூண்டில் புழு, கோழித்தீனி, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின்கீழ் விற்கும் கடை அது. மிசௌரி மலைப்பக்கத்தில் அந்த ஊருக்கு இருந்தது அது ஒன்றுதான். புழு வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி பக்கம் இரண்டு பேர் நின்றுகொண்டு, கேட்காததுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேடீன், ஒலீட்டாவின் அண்ணன் மனைவி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் ஒலீட்டா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அண்ணன் ஆர்லிஸ் வீட்டில் சாகக் கிடந்தார். மர அறுவை ஆலைத் தூசியில் வருஷக்கணக்காகக் கெட்டுப்போன நுரையீரல், இனி ஓடாது என்று சொல்லிவிட்டது. பாதம் குளிர ஆரம்பித்துவிட்டது, இனி அதிக நேரமில்லை என்று காலையில்தான் நர்ஸ் ஷெரில் ஒலீட்டாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருந்தாள்.

ஆர்லிஸுக்குத் தன் சாவைப் பற்றிப் பெரிய கவலை இருப்பதாகத் தெரியவில்லை. கவலையெல்லாம் நேடீனைப் பற்றித்தான். மண்சாலையின் கடைசி வீடு அது. ஷெரீஃபைக் கூப்பிட்டால் அவர் வந்து சேர்வதற்குள் ஒரு பானை பீன்ஸ் வெந்துவிடும். போதாக்குறைக்கு, பேப்பரில் மரண அறிவிப்பைப் பார்த்துவிட்டு, செத்தவர் வீட்டில் மிச்சமிருக்கும் வலிமருந்தைத் தேடிக் கதவை உடைக்கிற கூட்டம் ஒன்று இப்போது கிளம்பியிருந்தது. போன குளிர்காலத்தில் கிழக்கே இரண்டு வீடு தள்ளி அப்படி நடந்தது.

"என் வேட்டைத் துப்பாக்கிய அவளால தூக்க முடியாது" என்று காலையில் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டு ஆர்லிஸ் தங்கையிடம் சொன்னார். "அவ கைக்கு ஏத்ததா ஒண்ணு. நீ பார்த்து வாங்கிக் குடு. நான் கண்ணால பார்த்துடணும்."

நேடீன் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அவர், "எனக்காகப் போயிட்டு வா" என்றார். அதற்குத்தான் கிளம்பினாள்.

"இது வேண்டாம் வெண்டல்" என்று ஒலீட்டா அடுத்ததையும் தள்ளினாள். "சுடறதுக்கு முன்னாடி இதோட மேல்பாகத்தைப் பின்னால இழுக்கணும். இவ கட்டைவிரலப் பாருங்க. ஜாம் பாட்டிலே திறக்க முடியல."

"அப்ப இந்தக் குட்டி? பொம்பளைங்க எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க."

"வாங்கிக் குடுக்குற ஆம்பளைங்க கேக்குறாங்க" என்றாள் ஒலீட்டா. மாவட்டச் சிறையில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். புருஷன்மார் நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்த அசட்டுத் துப்பாக்கிகளைக் கூட வேலை பார்த்த பெண்களிடம் நிறையப் பார்த்திருக்கிறாள். "நேடீன், சின்னதா இருந்தா சாதுவா இருக்கும்னு நினைக்காத. சின்னதுதான் அதிகமா உதைக்கும். கனமானது கையிலயே உக்காரும்."

"உன்ன மாதிரி" என்றாள் நேடீன்.

புழுப்பெட்டிக்காரர்களில் ஒருவர் இருமினார். காலையிலிருந்து நேடீன் பேசிய முதல் கிண்டல் அது. ஒலீட்டாவுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

வெண்டல் எஃகில் செய்த நடுத்தர ரிவால்வர் ஒன்றை எடுத்தார். சுழலும் உருளையைத் திறந்து, காலியாக இருப்பதை இருவருக்கும் காட்டி, திறந்தபடியே நேடீனிடம் கொடுத்தார். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். மூடினாள். விரல் தானாகவே வெளியில் நின்றது.

"என் இரும்புச் சட்டி கனம்" என்றாள்.

"அந்தச் சட்டிய ஒரு கையால தூக்குறவதானே நீ. அப்ப இதுதான்" என்றாள் ஒலீட்டா.

வெண்டல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாங்குகிற எல்லாரிடமும் கேட்டாக வேண்டியதைக் கேட்டார். "இது யாருக்கும்மா வாங்குறீங்க?"

"என் வீட்டுக்காரருக்கு" என்றாள் நேடீன்.

ஒலீட்டா அவள் காலை மெல்ல மிதித்தாள். துப்பாக்கியை வாங்குகிறவர் தனக்குத்தான் வாங்க வேண்டும். வேறொருவர் காசு கொடுத்து அனுப்பி, அவருக்காக இவர் வாங்கினால், வாங்கினவருக்கும் தெரிந்தே விற்றவருக்கும் சிறை. அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சட்டம் அது. பரிசாகக் கொடுக்கலாம்தான். ஆனால் நேடீன் பரிசு என்றும் சொல்லவில்லை.

வெண்டல் தலையைச் சாய்த்தார். வாழ்நாளெல்லாம் வெடிச்சத்தம் கேட்டு அவருக்கு ஒரு காது போய்விட்டது. ஆனால் அவர் நேடீன் பக்கம் காட்டியது நல்ல காதை அல்ல.

"எனக்குக் காது சரியில்லம்மா. நிதானமா யோசிச்சு இன்னொரு தடவ சொல்லுங்க. யாருக்கு?"

நேடீன் அவருக்குக் காது கேட்கவில்லை என்றே நம்பினாள். கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "என் வீட்டுக்காரருக்கு. அவர்தான் காசு குடுத்து அனுப்பினார். எனக்கு இது வேண்டாம்."

புழுப்பெட்டிக்காரர்கள் இருவரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டல் ரிவால்வரை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

"மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு என்னால விக்க முடியாது. ஆர்லிஸக் கேட்டதாச் சொல்லுங்க."

இருவரும் வண்டியில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். பிறகு ஒலீட்டாவால் அடக்க முடியவில்லை.

"'எனக்கு'ன்னு ஒரு வார்த்தை. அது உன் வாயில வராதா?"

"அது பொய்."

சர்ச் விற்பனையில் ஒட்டுப்போட்ட கெட்டிலை விற்கும்போது, வாங்க வந்தவரிடம் ஒட்டைக் காட்டி, விற்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தவள் நேடீன். அதை வைத்து ஆர்லிஸ் வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறார்.

"இது எப்படிப் பொய்யாகும்? உன் தலைமாட்டுல இருக்கப்போறதுதானே?"

"என் தலைமாட்டுல ஆர்லிஸ் இருக்கார்" என்றாள் நேடீன்.

ஒலீட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு என்று சொன்னால் அவர் இல்லாத வீட்டுக்கு என்று அர்த்தம். அதை அந்த மேசைக்கு முன்னால், இரண்டு மீன்பிடிக்காரர்கள் பார்த்திருக்க, சொல்லச் சொன்னால் யாரால் முடியும்? சிறையில் முரடர்களையெல்லாம் சமாளித்தவளுக்கு இது முன்கூட்டியே தோன்றவில்லை. தன் மேலேயே கோபம் வந்தது.

ஆனால் அண்ணன் காத்துக்கொண்டிருப்பார். வெறுங்கையோடு போனால் அவர் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டு வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து, தன் ரிவால்வரை எடுத்தாள். உருளையைத் திறந்து, தோட்டாக்களை மடியில் கொட்டி, காலி என்று காட்டி, நேடீனிடம் நீட்டினாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையில வச்சுக்கிட்டு உள்ள வா. பேசுறதெல்லாம் நான் பேசிக்கிறேன்."

நேடீன் அதன் மரப் பிடியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுக்காதது ஒலீட்டாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பிடி. சிறையில் அவளுக்கு முதன்முதலாக இரவுப்பணி போட்டபோது, கடையில் வந்த பிடி அவள் கைக்குத் தடிமனாக இருக்கிறது என்று, ஆர்லிஸ் வால்நட் கட்டையில் தானே செதுக்கிக் கொடுத்தது. இத்தனை வருஷம் கையோடு கையாக இருந்ததால் அது யார் செய்தது என்பதே மறந்துபோயிருந்தது. திரும்பிப் போக வழியில்லை. நேடீன் ஏற்கெனவே கட்டிலருகே போய்விட்டாள்.

ஆர்லிஸ் கண்ணைத் திறந்தார். நேடீன் கைப்பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். மருந்து மயக்கத்திலும் அவர் கட்டைவிரல் தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்து, உருளையைத் திறந்து, காலியா என்று தடவிப் பார்த்தது. பிறகு விரல்கள் பிடிமேல் இறங்கின. அங்கேயே நின்றன. கீழே ஓரிடத்தில் உளி சறுக்கிய பள்ளம் ஒன்று உண்டு. பெருவிரல் அதற்குள் போய் உட்கார்ந்தது.

அவர் தங்கையைப் பார்த்தார்.

"நல்ல பிடி" என்றார் ஆர்லிஸ். "செஞ்சவன் கெட்டிக்காரனா இருக்கணும்."

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள் ஒலீட்டா. "ஓரத்துல சறுக்கியிருக்கான்."

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். ஷெரில் வந்து தலையைத் தூக்கிப் பிடித்தாள். இருமல் அடங்கியதும் மனைவியிடம் சொன்னார். "இதத் தண்ணி டம்ளர் பக்கத்துல வைக்காத. ராத்திரி தூக்கத்துல எதைத் தூக்கி வாயில கவுத்துக்குவியோ."

"சரி" என்றாள் நேடீன். அவள் சொன்னது அவ்வளவுதான்.

அதன்பிறகு அவர் தூங்கினார். நேடீன் அவர் பாதங்களைத் தன் மடியில் வைத்துக் கம்பளியால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒலீட்டா சமையலறையில் காலையில் மீந்த சோளரொட்டியைப் பாலில் பிட்டுப்போட்டாள். யாரும் சாப்பிடவில்லை. வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்து, கோழிகள் கூட்டுக்குத் திரும்பும் நேரத்தில், உள்ளே மூச்சுச் சத்தம் நின்றது. நேடீன் கூப்பிடவில்லை. ஒலீட்டா போய்ப் பார்த்தபோது அவள் கம்பளியை இன்னும் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"குளிருது இவருக்கு" என்றாள்.

ஒலீட்டா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணனின் கால்மேல் முகத்தை வைத்து அழுதாள்.

ஷெரில் மிச்ச மருந்தையெல்லாம் எடுத்து அழித்துவிட்டுத்தான் போனாள். ஊரே அடக்கத்துக்கு வந்தது. சர்ச்சில் இடமில்லாமல் வெளியே நின்றார்கள். வெண்டலும் வந்து, கல்லறையில் தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அடியில் பெயர் ஒட்டிய பாத்திரங்களில் ஊர்க்காரர்கள் கொண்டுவந்த சாப்பாடு சமையலறை முழுக்க நிறைந்தது. ஒலீட்டா தன் வீட்டைப் பூட்டிவிட்டு, ரிவால்வரோடு நேடீன் வீட்டு முன்னறை சோபாவில் படுக்க ஆரம்பித்தாள். இனி இப்படித்தான் என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். நேடீன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒலீட்டாவின் இடுப்புவலி மட்டும் தினமும் காலையில் தன் கருத்தைச் சொன்னது.

இலையெல்லாம் கொட்டி, மான்வேட்டைப் பருவம் முடிந்து, பாத்திரங்கள் ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திரும்பிய பிறகு, ஒருநாள் சாயங்காலம் யாரோ ஒருவனுடைய வண்டி சாலையின் கடைசிவரை வந்தது. இன்ஜினை அணைக்காமல் வாசலில் நின்றது. ஒலீட்டா துணி உலர்த்தப் பின்பக்கம் போயிருந்தாள். அவள் ஓடிவருவதற்குள் வண்டி திரும்பிப் போய்விட்டது. நேடீன் வாசற்கதவில் கைவைத்தபடி நின்றிருந்தாள்.

"வழி தப்பி வந்திருப்பான்" என்றாள் ஒலீட்டா.

"இருக்கலாம். நான் அவன் முகத்தப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஓடணும்னு தோணல."

மறுநாள் காலை நேடீன் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் மாவுக் குழம்பும் தட்டில் வைத்துவிட்டு, ஒலீட்டாவின் ரிவால்வரையும் பக்கத்தில் வைத்தாள். உருளை திறந்திருந்தது.

"உன்னோடத எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. உன் மூட்டை முடிச்செல்லாம் கட்டி வச்சிருக்கேன்."

"என்னத் துரத்துறியா?"

"உன் குறட்டைல கோழியே முட்டை போடல."

ஒலீட்டா பிடியைத் தடவினாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "நேடீன், இது என்னோடதுன்னு அன்னைக்கே அண்ணனுக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றாள் நேடீன். "அவர் இதச் செதுக்கறப்ப விளக்குப் பிடிச்சது யாருன்னு நினைச்ச? நான் கை அசைச்சதுலதான் உளி சறுக்குச்சு."

"அப்ப ஏன் எடுத்துக்கிட்டு வந்த?"

"அவர் செஞ்சத அவர் கையில வைக்கிறதுல என்ன பொய்?" நேடீன் தட்டுகளை எடுத்துக் கழுவத் தொட்டியில் போட்டாள். அங்கேயே திரும்பி நின்றுகொண்டு சொன்னாள். "வண்டிய எடு. போற வழியில கடையில நிறுத்து."

புழுப்பெட்டி பக்கம் அன்று யாரும் இல்லை. வெண்டல் அவர்களைப் பார்த்ததும் காப்பி ஊற்றிக் கொடுத்தார். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாளா என்று விசாரித்தார். சும்மா விசாரிப்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் துக்கத்தில் இருப்பவளுக்குத் துப்பாக்கி விற்கலாமா என்று எடைபோடுகிறவர்போலப் பதில்களைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஒலீட்டாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். ஒலீட்டா தலையசைத்தாள்.

அதே ரிவால்வர் அதே இடத்தில் இருந்தது. அவர் எடுத்து, திறந்து, காலி என்று காட்டிவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"யாருக்கும்மா?"

நேடீன் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள். கடைக்கு வெளியே ஏதோ ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு மேடு ஏறியது. அந்தச் சத்தம் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"எனக்கு" என்றாள்.

பக்கத்தில் நின்ற ஒலீட்டாவுக்கே சரியாகக் கேட்காத குரல் அது. வெண்டல் திரும்பக் கேட்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பி, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.