தாழ இறக்கிய கார்

ஊரார் பார்க்க என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது எனக்கு அறவே பிடிக்காது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கட்டை ஊன்றி நடப்பேன், சமைப்பேன், சண்டையும் போடுவேன். ஆனால் எங்கள் சின்ன மோரிஸ் காரின் சீட்டு மட்டும் எனக்கு எட்டாது. ஸ்ரீரங்கத்தில் அரிசி மண்டி வைத்திருந்த என் வீட்டுக்காரர் தங்கையன் என்னைக் குழந்தை மாதிரி தூக்கி உள்ளே வைப்பார். சுற்றி நிற்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபத்தொன்றாம் வருஷம் என் தங்கை பாப்பாயிக்குத் துறையூரில் கல்யாணம். "நானா ஏறி இறங்க முடிஞ்சா வரேன், இல்லேன்னா வரலை" என்று சொல்லிவிட்டேன். மல்லுக்கட்டிப் பார்த்து ஓய்ந்துபோய், திருச்சி பாலக்கரை ஒர்க்‌ஷாப்பில் நசுருதீனிடம் காரை விட்டார் வீட்டுக்காரர். நசுருதீன் ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி வண்டியை நாலு விரல் தாழ இறக்கிக் கொடுத்தார். வீட்டு வாசலில் நானே சீட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்! அழுகையே வந்துவிட்டது.

வெள்ளோட்டம் பார்க்கக் கிளம்பினோம். அந்தச் சந்தோஷம் காவேரிப் பாலம் வரைக்கும்தான். இறக்கியதில் முன்சக்கரங்கள் கோணிக்கொண்டு, ஸ்டியரிங் இடப்பக்கமே இழுத்தது. கைப்பிடிச் சுவரில் உரசாமல் தப்பியதே பெரிது.

"பழையபடி உசத்திடச் சொல்றேன். உன்னை வெச்சுக்கிட்டு ஆத்துல விழ முடியாது" என்றார் வீட்டுக்காரர். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நசுருதீன் ஒப்பவில்லை. "சக்கரத்தை நேராக்கினா போதும் முதலாளி. ஆனா ஆள் உட்கார்ந்தா வண்டி இன்னும் தழையும். அக்காவையும் உட்கார வெச்சுத்தான் அலைன்மென்ட் பார்க்கணும்."

ஒர்க்‌ஷாப்பில் பெண்பிள்ளை போய் உட்காருவதா? மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? மண்டியிலிருந்து ஓர் அரிசி மூட்டையை என் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்! திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வண்டி வலப்பக்கம் இழுத்தது. இழுக்காதா பின்னே? மூட்டையில் பாதிகூட நான் தேறமாட்டேன்.

"இத்தனை வருஷமா தூக்கினீங்களே, என் கனம் உங்களுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தூக்கறப்ப நீ உடம்பை விறைச்சுக்குவ. ஒரு மூட்டைக்குக் குறைஞ்சதா எனக்கு ஒருநாளும் தோணலை."

அவமானம் எனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன். அவர் கைகள் என்ன பாடுபட்டனவோ!

மறுநாள் நானே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வண்டியில் உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வீட்டுக்காரர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொள்ள, நசுருதீன் சக்கரங்களை ஒட்டி நூல் பிடித்து, கீழே படுத்து முடுக்கினார். திரும்புகையில் பாலத்தின் மேல் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையைச் சற்று எடுத்துப் பார்த்தார். வண்டி நேரே போயிற்று.

கல்யாணம் முடிந்து புறப்படும்போது, வழக்கம்போல வண்டியைச் சுற்றிக் கூட்டம். கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன், காலை எடுத்து உள்ளே வைத்தேன், கதவைச் சாத்தினேன். "ஐயோ பாவம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் கைகளை நீட்டியபடி என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஏறுங்க" என்றேன். "உங்களுக்காக எவ்வளவு நேரம்தான் காத்துக்கிட்டு இருக்கறது?"